ஐயம் வேறு, சான்று வேறு

இலக்கியம் பேசும் இப்பக்கத்திலே துப்பறியும் திரைப்படங்களைப் பற்றித் தலையங்கம் எழுதுதல் தகுமோ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். காவியம் இருக்கிறது, கோவை இருக்கிறது, தூது இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுக் கொலையையும் கைரேகையையும் பற்றிப் பேசுவானேன் என்பது அவர்தம் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆயினும், பல்லாண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் யான், மாணாக்கரிடத்தே காண விரும்பியும் அரிதாகவே காணும் பண்பு ஒன்று உண்டு. அஃது ஐயத்தையும் சான்றையும் வேறு வேறாகப் பிரித்து நோக்கும் பண்பு. அப்பண்பை நல்லதொரு துப்பறியும் படம் இரண்டு மணி நேரத்தில் நெஞ்சிற் பதித்துவிடுகின்றது. ஆதலின் அதனைப் புலவர் உலகம் புறக்கணித்தல் ஆகாது என்பதே எனது துணிபு.

வகுப்பறையிலே ஒரு பிள்ளையின் பேனை காணாமற் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே எல்லாக் கண்களும் ஒரு திசையில் திரும்பும். அத்திசையில் இருப்பவன் பெரும்பாலும் சாயம் போன சட்டை அணிந்தவனாக இருப்பான். அல்லது வேற்றூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவனாக இருப்பான். “அவன்தான் எடுத்தான், ஐயா!” என்று நாலு குரல் எழும். “நீ கண்டாயா?” என்றால், “காணவில்லை, ஆனால் அவன்தான்” என்று மறுமொழி வரும். சிறிது நேரத்தில் அந்தப் பேனை, இழந்தவனுடைய கொப்பிக்குள்ளிருந்தே விழும். அப்பொழுது நாலு குரலும் அடங்கிப்போம். ஆனால், குற்றஞ் சாட்டப்பட்ட பிள்ளையின் முகம் அன்று முழுதும் தெளிவதில்லை. பேனை கிடைத்துவிட்டது, பிள்ளை இழந்தது கிடைக்கவில்லை. இச்சிறு நிகழ்ச்சியையே பெரிதாக்கினால் ஊர் ஆகிறது. இன்னும் பெரிதாக்கினால் நாடு ஆகிறது.

துப்பறியும் கதைக்கு வித்திட்டவர் அமெரிக்கரான எட்கார் அலன் போ என்பர். அவருடைய முதற் கதை 1841இல் வெளிவந்தது. ஆயினும், தனியார் துப்பறிவாளன் என்றவுடன் உலகத்தாருடைய உள்ளத்தில் எழும் உருவம் பிரித்தானிய உருவமே. ஆர்தர் கொனன் டொயில் என்னும் மருத்துவர் 1887ஆம் ஆண்டில் ஷேர்லொக் ஹோம்ஸ் என்பானைப் படைத்தார். டொயில் எடின்பரோவில் மருத்துவம் பயின்ற காலத்தில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் யோசப் பெல் என்பவர். நோயாளி வாய் திறக்குமுன்னரே, அவனுடைய நடையையும் உடையையும் கைகளையும் நோக்கி, அவன் செய்யும் தொழிலையும் வாழ்ந்த இடத்தையும் கூறும் ஆற்றல் பெல்லுக்கு இருந்தது. அந்த ஆசிரியரே ஹோம்ஸுக்கு மூலமானார். ஓர் ஆசிரியரின் வகுப்பறையிலிருந்து உலகப் புகழ் பெற்ற கதாபாத்திரம் ஒன்று பிறந்தது என்பது நம் தொழில் செய்வோருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி அன்றோ?

ஹோம்ஸ் கதைகளுள் திரைக்குப் பன்முறை வந்தது பாஸ்கர்வில் குடும்பத்து வேட்டைநாயின் கதை. 1959இல் ஹாமர் நிறுவனத்தார் இதனை வண்ணப் படமாக வெளியிட்டனர். டெரன்ஸ் ஃபிஷர் நெறிப்படுத்த, பீட்டர் குஷிங் ஹோம்ஸாக நடித்தார். வண்ணத்தில் எடுக்கப்பட்ட முதல் ஹோம்ஸ் படம் அதுவே. பழைய குடும்பம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகப் பேய்நாய் ஒன்று பழிவாங்குகிறது என்பது ஊரார் நம்பிக்கை. குடும்பத் தலைவர் அச்சத்தால் இறந்து கிடக்கிறார். ஊர் நடுங்குகிறது. டொயிலின் நாவலிலே இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி வருகிறது. இலண்டன் விடுதியில் தங்கிய வாரிசினுடைய புதுச் சப்பாத்து ஒன்று களவு போகிறது. பின்னர் அது திரும்பி வந்துவிட, பழைய சப்பாத்து ஒன்று மறைகிறது. யாவரும் இதனை அற்பம் என்று விடுகின்றனர். ஹோம்ஸ் விடவில்லை. பேய்க்குச் சப்பாத்து எதற்கு? அணியாத சப்பாத்தில் மனித வாடை இராது. அணிந்து பழகியதில் உண்டு. அவ்வாடை வேண்டுவது மோப்பம் பிடிக்கும் மெய்யான நாய். மெய்யான நாய் என்றால், அதை வளர்த்து ஏவும் மெய்யான மனிதன் ஒருவனும் இருந்தாக வேண்டும். ஊரையே ஆட்டிவைத்த பேய் ஒரு பழைய சப்பாத்தினால் ஓடிப் போகின்றது. ஏவியவன் யார் என்பதை யான் சொல்லப் போவதில்லை. படியாதவர் படித்து அறிக.

இத்தகைய கதை தமிழுக்கு வரத் தாமதிக்கவில்லை. ஹோம்ஸ் தோன்றி ஏழாண்டுகளுள், 1894இல், பண்டித நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் பொலிஸ் நிபுணனைத் தலைவனாக்கிக் கதை எழுதினார். ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் வெளியிட்ட ‘இராஜாம்பாள்’ நாவலின் வழியாகத் துப்பறியும் கோவிந்தன் வீடுதோறும் புகுந்தான். ஆரணி குப்புசாமி முதலியார் ஹோம்ஸுக்குத் தமிழுடை உடுத்தினார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியார் என்னும் விந்தையான துப்பறிவாளரைப் படைத்தார். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விளக்கு வெளிச்சத்திலே கண் நோகப் படித்த நூல்கள் இவை. புலவர்கள் இவற்றை ஒதுக்கினர். மக்களோ தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே பெரும்பாலும் இவற்றினால்.

திகம்பர சாமியார் 1950இல் திரைக்கு வந்தார். சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த அப்படத்தில், பின்னாளில் வில்லன் வேடத்துக்கே பெயர் போன எம். என். நம்பியார் கதாநாயகனாகத் தோன்றிப் பத்துக்கு மேற்பட்ட வேடங்கள் புனைந்தார். தமிழ்த் திரையில் தனியார் துப்பறிவாளன் ஒருவனையே நடுநாயகமாக வைத்த படங்களுள் இது குறிப்பிடத்தக்கது. சுவையான படமே. ஆயினும், இங்கே துப்பு வெளிப்படுவது பெரிதும் வேடத்தினால். துப்பறிவாளன் தாடி வைத்து வருகிறான். தலைப்பாகை கட்டி வருகிறான். குற்றவாளியின் வீட்டுக்குள் புகுந்து இரகசியத்தைக் கேட்டுவிடுகிறான். பார்ப்பவர் வியக்கலாம், உடன் சிந்திக்க இடமில்லை. ஒளிந்து நின்று கேட்பதற்கும், கிடைத்த சான்றிலிருந்து காரணம் காட்டி முடிவு கொள்வதற்கும் வேற்றுமை பெரிது. முன்னதற்கு வேண்டுவது துணிவு, பின்னதற்கு அறிவொழுக்கம்.

அந்த அறிவொழுக்கத்தைத் தமிழ்த் திரையில் காட்டிய படம் ‘அந்த நாள்’. ஏவி. எம். நிறுவனம் தயாரித்து 1954ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வெளியிட்டது. நெறியாளர் எஸ். பாலசந்தர், பின்னாளில் வீணை வித்துவானாக உலகறிந்தவர். உரையாடல் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தவர் ஜாவர் சீதாராமன். வியப்பு என்னவெனில், இசையே மூச்சான பாலசந்தர் இப்படத்தில் ஒரு பாட்டுக்கூட வைக்கவில்லை. நடனம் இல்லை, சண்டை இல்லை. ஒரு படத்துக்கு நாற்பது ஐம்பது பாட்டு என்றிருந்த காலம் கழிந்து இருபதாண்டுகூட ஆகாத வேளையில் இத்துணிவு எத்தகையது என்பதை இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிவந்த காலத்தில் படம் வசூலில் வெற்றி பெறவில்லை. காலம் செல்லச் செல்லவே அதன் மதிப்பு உயர்ந்தது.

கதை நிகழுங்காலம் 1943 ஒக்டோபர். சென்னை நகரில் யப்பானியர் குண்டு வீசிய மறுநாள். ராஜன் என்னும் வானொலிப் பொறியியலாளன் தன் வீட்டிலே சுட்டு வீழ்த்தப்படுகிறான். அவ்வேடத்தில் நடிப்பவர் சிவாஜி கணேசன். கதாநாயகன் என்று நாம் காத்திருந்தவர் படம் தொடங்கியவுடனே மாண்டுவிடுகிறார்! இனிக் கதை எங்ஙனம் நடக்கும்? அவனை அறிந்த ஐவருடைய சொற்களால் நடக்கிறது. அயல் வீட்டு முதியவர், தம்பி, தம்பியின் மனைவி, ராஜனுடன் தொடர்பு கொண்டிருந்த நாட்டியக்காரி, மனைவி உஷா ஆகிய ஐவரும் தாம் தாம் கண்டதையும் கருதியதையும் கூறுகின்றனர். ஒருவர் சொல்லும்போது நாம் இன்னொருவரைக் கொலையாளி என்று துணிந்துவிடுகிறோம். அடுத்தவர் வாய் திறக்கும்போது அத்துணிவு சரிகிறது. மறுபடியும் ஒரு துணிவு. மறுபடியும் ஒரு சரிவு. படம் முடிவதற்குள் பார்ப்பவன் தன் தீர்ப்பைப் பன்முறை மாற்றி எழுத நேர்கிறது.

இதிலே நுட்பம் யாதெனின், ஐவரும் பொய்யர் அல்லர். ஒவ்வொருவரும் மெய்யின் ஒரு துண்டைக் கையில் வைத்திருக்கின்றனர். அத்துண்டுடன் தம்முடைய வெறுப்பையும் விருப்பையும் அச்சத்தையும் சேர்த்துத் தருகின்றனர். ஜாவர் சீதாராமன் தாங்கிய அதிகாரி பாத்திரம் கூச்சலிடுவதில்லை, மேசையில் அடிப்பதில்லை, எவரையும் அடித்து உண்மை கக்க வைப்பதுமில்லை. கேட்கிறார், குறித்துக்கொள்கிறார், ஒருவர் சொல்லை இன்னொருவர் சொல்லோடு வைத்துப் பார்க்கிறார். இவர் அரசாங்க அதிகாரியே அன்றித் தனியார் துப்பறிவாளர் அல்லர். எனினும் ஹோம்ஸுக்குத் தமிழ்த் திரையில் நெருங்கிய உறவினர் இவரே என்பேன்.

இப்படத்துக்கு மூத்த உடன்பிறப்பு ஒன்று பிரித்தானியாவில் உண்டு. அந்தனி ஆஸ்குவித் நெறிப்படுத்தி 1950இல் வெளிவந்த ‘த வுமன் இன் குவெஸ்ட்சன்’ என்னும் படம் அது. சோதிடம் சொல்லிப் பிழைத்த பெண்ணொருத்தி கொலையுண்டு கிடக்கிறாள். பொலிஸார் ஐவரை விசாரிக்கின்றனர். ஒருவர் சொல்லில் அவள் பண்பு மிக்க சீமாட்டி. இன்னொருவர் சொல்லில் நாணமற்றவள். மற்றொருவர் சொல்லில் இரங்கத்தக்க ஏழை. ஜீன் கென்ட் என்னும் நடிகை ஒருத்தியே அத்தனை பெண்களாகவும் மாறுகிறாள். அதே 1950இல் யப்பானிலே குரோசாவா ‘ரஷோமொன்’ எடுத்தார். பாலசந்தருக்கு ஊக்கமளித்தது ரஷோமொன் என்று கூறுவாரும், ஆஸ்குவித் படமே என்று கூறுவாரும் உளர். அவ்வாதம் இங்கே வேண்டா. உலகப் போர் முடிந்த ஐந்து பத்தாண்டுகளுக்குள் மூன்று நாட்டுக் கலைஞர் ஒரே வினாவைக் கையில் எடுத்தனர் என்பதே கருதத்தக்கது. ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்பலாமா என்பது அவ்வினா. போர்க்காலப் பிரசாரத்தில் ஊறி வெளிவந்த தலைமுறைக்கு அவ்வினா எழுந்தது இயல்பே.

இனி, இஃது அந்நிய நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவாருக்கு ஒன்று கூறுவேன். சான்றை ஆராயும் நெறி நமக்குப் புதிதன்று. திருக்குறளில் ஐம்பத்தொன்பதாம் அதிகாரம் ஒற்றாடல். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவேண்டும் என்கிறார் வள்ளுவர். ஒருவரை ஒருவர் அறியாதபடி மூவரை ஏவி, மூவர் சொல்லும் ஒத்துவந்தாலே தெளியவேண்டும் என்றும் விதிக்கிறார். ‘அந்த நாள்’ அதிகாரி செய்வது வேறென்ன?

நம் அளவை நூலார் காண்டல், கருதல், உரை என்று அறிவு பெறும் வாயில்களை வகுத்தனர். புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிதல் கருதல். சப்பாத்துக் கண்டு நாய் உண்டெனத் துணிந்த ஹோம்ஸ் செய்ததும் அதுவே. ஆனால், மூடுபனியைப் புகையென்று மயங்கினால்? அத்தகைய போலிக் காரணங்களை மணிமேகலையில் அறவண அடிகள் வகை வகையாக விளக்குகின்றார். ஏதுப்போலி என்பது அவற்றுள் ஒன்று. ‘கடைசியாக வெளியே போனான், ஆதலின் அவனே திருடன்’ என்று வகுப்பறையில் எழுந்த குரலுக்குப் பெயர் ஏதுப்போலி. அந்த அதிகாரத்தைத் தேர்வுக்காக மனனஞ் செய்யும் மாணாக்கன் இந்தக் குரலை அடையாளங் காணவில்லையெனில், மனனத்தால் பயன் யாது?

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கொலைக்களக் காதையில் நடப்பது ஐயத்தைச் சான்றென்று கொண்டதால் விளைந்த கொலை. அரசியின் ஊடல் தணிக்க விரையும் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை ஆராயவில்லை, கேட்டதோடு கட்டளையிட்டுவிடுகிறான். ஏவப்பட்ட காவலர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் முகம் கள்வன் முகம் அன்று என்கின்றனர். உடனே பொற்கொல்லன் களவு நூல் பேசத் தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று கள்வர்க்குத் துணையாவன எட்டையும் அடுக்குகிறான். கள்வன் போலத் தோன்றாமையே தேர்ந்த கள்வனுக்கு அடையாளம் என்று ஆகிவிடுகிறது. எவ்வளவு கொடிய தருக்கம்! குற்றமற்ற தோற்றமும் குற்றத்துக்குச் சான்றானால், தப்புவார் யார்? தயங்கி நின்றவர் தயங்கி நிற்க, கல்லாத குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

வழக்குரை காதையில் நடப்பது இதற்கு நேர்மாறு. கண்ணகி அழுதாள், சபித்தாள் என்றே பலரும் சொல்லக் கேட்கிறோம். அவள் முதலிற் செய்தது சான்று காட்டல். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கூறுகிறாள். அரசன், தன் தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என்று தன் வாயாலேயே சொல்கிறான். இருவர் கூற்றும் உறுதியான பின்னரே சிலம்பு உடைகிறது. மாணிக்கம் தெறித்தபின் மறுப்பதற்கு எவர்க்கும் இடமில்லை. எடின்பரோவில் பயின்ற எந்தத் துப்பறிவாளனும் இதனினும் செம்மையாக ஒரு சோதனையை நடத்தியிருக்க இயலாது.

சேக்கிழாரும் சளைத்தவரல்லர், அமைச்சராய் இருந்தவர் அல்லவா? மணப்பந்தலில் புகுந்த முதியவர், சுந்தரரைத் தமக்கு வழியடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் எதனால் நிறுவுவீர் என்று அவையோர் கேட்கின்றனர். கிழிந்தது படி, மூலம் இங்கே என்கிறார் முதியவர். அப்பொழுதும் அவையோர் அவசரப்படவில்லை. சுந்தரருடைய பாட்டனார் எழுதிக் காப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர். வழக்காட வந்தவர் இறைவனே; ஆயினும் சான்று இன்றித் தீர்ப்பு இல்லை. இதனைப் பக்தியோடு படிக்கிறோம். நெறிமுறையாகவும் படித்தல் வேண்டும்.

கதையில் நிகழ்வது வாழ்வில் நிகழுமா எனின், நிகழ்ந்தது. இங்கிலாந்தின் ஸ்ரபோர்ட்சயர்ப் பகுதியில் ஜோர்ஜ் எடல்ஜி என்னும் வழக்கறிஞர் வாழ்ந்தார். தந்தையார் இந்தியப் பார்சி வழியினர். அவ்வூர்க் கிறித்தவத் திருச்சபையின் குரு. இரவில் கால்நடைகளை வெட்டிக் காயப்படுத்தியவர் எடல்ஜியே என்று 1903இல் தண்டனை விதிக்கப்பட்டது, ஏழாண்டுச் சிறை. மூன்றாண்டு கழித்து அவர் வெளிவந்தபோது டொயில் அவரைச் சந்தித்தார். எடல்ஜி செய்தித்தாளைக் கண்ணோடு ஒட்டினாற்போல் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். டொயில் கண் மருத்துவமும் பயின்றவர். இத்துணைக் கிட்டப்பார்வை உடையவர் காரிருளில் வயல் வெளி கடந்து போய் விலங்கை வெட்டியிருத்தல் இயலாது என உணர்ந்தார். பத்திரிகையில் எழுதினார், நாடு கிளர்ந்தது. 1907இல் எடல்ஜிக்கு மன்னிப்புக் கிடைத்தது, நட்டஈடு கிடைக்கவில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அமையச் சட்டம் இயற்றப்பட்டதற்கு இவ்வழக்கும் ஒரு காரணம். வேற்று நிறத்தவர், வேற்றுப் பெயரினர் என்பதால் ஊர்க் கண்கள் திரும்பிய திசை அவருடைய திசையாயிற்று.

நம் கொழும்பும் இத்தகைய வழக்கைக் கண்டதுண்டு. இலங்கைக் கிரிக்கெட் அணியின் தலைவராய் விளங்கிய மகாதேவ சதாசிவத்தின் மனைவியார் 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி பம்பலப்பிட்டி இல்லத்தில் கொலையுண்டார். கணவர் மீது குற்றஞ் சாட்டப்பட்டது. நகரமே பேசியது; தெருவிலும் தேநீர்க்கடையிலும் நாளொரு தீர்ப்பு எழுந்தது. நீதிமன்றத்திலோ, உயிர் பிரிந்த நேரம் யாது என்பதே வழக்கின் உயிர்நாடியாயிற்று. எதிரிக்காக வாதாடியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. மருத்துவச் சான்றளிக்க வந்தவர் சேர் சிட்னி ஸ்மித். டொயிலும் பெல்லும் உலாவிய அதே எடின்பரோவில் சட்ட மருத்துவப் பேராசிரியர். 1953இல் யூரிமார் சதாசிவத்தை நிரபராதி என விடுவித்தனர். தேநீர்க்கடைத் தீர்ப்பும் மன்றத் தீர்ப்பும் வெவ்வேறு தராசில் நிறுக்கப்படுவன என்பதை அன்றைய கொழும்பு கண்டுகொண்டது.

கண்டும் கற்றுக்கொண்டோமா? 1983 யூலை 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் புகுந்துவிட்டனர் என்றொரு வதந்தி எழுந்தது. எவரும் காணவில்லை, ஆயினும் எல்லாரும் நம்பினர். அடங்கத் தொடங்கியிருந்த வெறி மீண்டும் மூண்டு உயிர்களைக் குடித்தது. யான் வாழும் கொலன்னாவையில் எண்ணெய்க் குதங்கள் 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி விடுதலைப் புலிகளால் தாக்கப்பட்டு எரிந்தன. அது மெய்யான குற்றம், மெய்யான இழப்பு. ஆனால், அந்தப் போர்க்காலம் முழுவதும் அடையாள அட்டையில் இருந்த பெயரே பலருக்குக் குற்றப்பத்திரிகை ஆயிற்று. 2007 யூன் 7ஆம் திகதி கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரை விட்டே அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே என்ன சான்று என்று கேட்பதே நீதியின் முதற்படி; அப்படி அன்று வெளியேற்றிய பின்னர் நினைவுக்கு வந்தது.

இந்நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் அதிகாரியிடம் ஒருவர் அளித்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிறுவலாகாது என்று விதித்தது. அடிக்கு அஞ்சி ஒருவர் எதனையும் ஒப்புக்கொள்வார் என்னும் அனுபவ அறிவு அதன் அடிப்படை. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் சான்றாகலாம் என்று வழி திறந்தது. ஒப்புதல் வாங்கிவிட்டால் பழைய சப்பாத்தைத் தேடவேண்டியதில்லை. சிலம்பை உடைத்துப் பார்க்கவேண்டியதில்லை. துப்பறிதல் என்னும் கலை எந்த நாட்டில் தளர்கிறதோ, அந்த நாட்டில் ஒப்புதல் வாங்கும் கலை வளரும். இதனாலேயே துப்பறியும் படம் வெறும் பொழுதுபோக்கு அன்று என்கிறேன். சான்று தேடுவதே அதிகாரியின் வேலை என்று எதிர்பார்க்கும் மக்கள் திரள் ஒன்றை அது உருவாக்குகின்றது.

ஆசிரியர் சிலர் வேறோர் அச்சம் தெரிவிப்பர். கொலைப் படம் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப் போகாரோ? இவ்வச்சம் முற்றும் பொய்யென்று யான் சொல்லேன். குருதியைக் காட்டிக் காசு பறிக்கும் படங்கள் உள. கொலையாளியின் கொடுமையையே அலங்கரித்துக் காட்டும் படங்களும் உள. பொலிஸ் அதிகாரி நீதிமன்றத்தை எள்ளி நகையாடி, தானே சுட்டுத் தானே தீர்ப்பளிக்க, அரங்கம் கைதட்டி ஆரவாரிக்கும் படங்கள் இந்நாளில் பெருகியுள்ளன. இவற்றைத் துப்பறியும் படம் என்பது பிழை. கொல்லாத் துப்பறிவாளனே மெய்யான துப்பறிவாளன். அவன் ஆயுதம் வினா. ‘அந்த நாள்’ படத்தில் சுடப்படும் ஒலியைக் கேட்கிறோம். அதன்பின் எஞ்சிய படம் முழுவதும் உரையாடலும் உசாவலுமே. அதைப் பார்த்துக் கெட்ட மாணாக்கனை யான் கண்டதில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம், “அவள் அப்படிச் சொன்னாளே, இவன் ஏன் இப்படிச் சொன்னான்?” என்று தருக்கித்துச் சென்றவரையே கண்டிருக்கிறேன்.

ஆகவே, இலக்கிய வட்டத்தார்க்கும் ஆசிரியர்க்கும் என் விண்ணப்பம் இது. மாதமொருமுறை கூடும் மன்றங்களில் ‘அந்த நாள்’ படத்தைத் திரையிடுங்கள். நான்காம் சாட்சி பேசி முடித்ததும் நிறுத்துங்கள். கொலையாளி யார் என்று எழுதச் சொல்லுங்கள். அதன் கீழே, கண்டது எது, கருதியது எது, பிறர் சொன்னது எது என்று மூன்று நிரலாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் நிரல் எவ்வளவு நீளுகின்றது என்பதைப் பிள்ளைகள் தாமே காண்பர். மறுவாரம் கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையும் அதே மூன்று நிரலில் எழுதுவியுங்கள். பதவுரையும் பொழிப்புரையும் தராத ஒரு தெளிவு அப்பொழுது பிறக்கும்.

இளைய எழுத்தாளர்க்கும் ஒன்று கூறுவேன். ஹோம்ஸ் திருகோணமலையில் நிகழ்ந்த துயரம் ஒன்றன் மர்மத்தைத் தெளிவித்தார் என்று 1891இல் வெளிவந்த கதையொன்றில் டொயில் போகிற போக்கிற் குறிப்பிடுகின்றார். அட்கின்சன் சகோதரர் துயரம் என்பது அதன் பெயர். அக்கதையை அவர் எழுதவேயில்லை. கோணேசர் மலையும் கொட்டியார்க் குடாவும் அறியாத அவர் எழுதாததே நன்று. அறிந்த நம்மவர் எழுதட்டும். அதில் வேடம் குறையட்டும், வினா மிகட்டும். எல்லாரும் ஒருவனைச் சுட்டும்போது, “நீ கண்டாயா?” என்று அமைதியாகக் கேட்கும் தமிழ்த் துப்பறிவாளன் ஒருவன் அதில் வரட்டும். அவனைப் படித்து வளரும் பிள்ளை, வகுப்பறையில் பேனை காணாமற் போகும் நாளில் முதலில் தன் கொப்பியைத் திறந்து பார்ப்பான்.